யூத வழிபாட்டுப் பாக்களும் அவற்றை இயற்றிய புலவர்களும்: கலிலேயா முதல் கொச்சி வரை

பழைய ஏற்பாட்டு வகுப்பில் சங்கீதங்களையும் புலம்பலையும் பயிலும் நம் மாணவருள் பலர், எபிரேயப் பாடல் மரபு அந்நூல்களோடு முடிந்துவிட்டதாகவே எண்ணிக்கொண்டு கல்லூரியை விட்டுச் செல்கின்றனர். புதிய ஏற்பாட்டுக் காலத்து யூத சமயத்தைப் ‘பிற்கால யூதம்’ என்று குறிக்கும் வழக்கத்தை ஜெர்மானிய அறிஞர் சிலர் ஏற்படுத்தினர். அது ஒரு சமயத்தின் அந்திப்பொழுது என்னும் எண்ணம் அச்சொல்லிலேயே அடங்கியிருந்தது. வரலாறு காட்டுவது வேறு. கி.பி. 70-இல் எருசலேம் தேவாலயம் அழிந்த பின்னர், பலி நின்றுபோன இடத்தில் ஜெபம் நின்றது. அந்த ஜெபத்திற்குச் சொல் தேடித் தந்த புலவர்கள் தலைமுறை தலைமுறையாக எழுந்தனர். அவர்கள் பாடியவை இன்றும் உலகெங்குமுள்ள ஜெப ஆலயங்களில் பாடப்படுகின்றன. அம்மரபின் ஒரு கிளை நம் அண்டை நிலமாகிய மலபார்க் கரையில் தழைத்தது என்பது நம்முள் பலர் அறியாத செய்தி. இப்புலவர்கள் யாவர், எத்தகைய சூழலில் பாடினர், அவர்களுடைய வரலாறு நம் திருச்சபைக்குச் சொல்வது யாது என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

1. பியூத் என்னும் பாவகை

யூத வழிபாட்டில் பாடப்படும் பாவிற்குப் ‘பியூத்’ என்று பெயர். அதனை இயற்றுபவன் ‘பய்த்தான்’. புலவனைக் குறிக்கும் ‘பொயேத்தேஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து இவை பிறந்தன. வழிபாட்டின் உள்ளத்தைக் குறிக்கவே அந்நியமொழிச் சொல் ஒன்று எபிரேயத்திற்குள் வந்து குடியேறியது என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

யூத வழிபாட்டிற்கு இரண்டு தூண்கள் உண்டு. ஒன்று, உபாகமம் ஆறாம் அதிகாரத்திலுள்ள ‘ஷெமா’வும் அதனைச் சூழ்ந்த ஸ்தோத்திரங்களும். மற்றது, நின்றுகொண்டு சொல்லும் ‘அமிதா’ என்னும் ஜெபத்தொடர். இவ்விரண்டும் காலப்போக்கில் நிலையான வடிவம் பெற்றன. நிலைத்த ஜெபம் சபையை ஒருமைப்படுத்தும். ஆயினும் நாள்தோறும் சொல்லப்படுவதால் உதடு அசைய உள்ளம் உறங்கும் ஆபத்தும் அதில் உண்டு. இவ்வாபத்தை உணர்ந்த புலவர்கள், ஒவ்வொரு ஓய்வுநாளுக்கும் பண்டிகைக்கும் உரிய வேதபாடத்தைத் தழுவிப் புதிய பாக்களை இயற்றி, நிலையான ஜெபத்தின் இடையிடையே அமைத்தனர். சட்டகம் மாறவில்லை, அதனுள் ஊற்றப்பட்டது வாரந்தோறும் புதிதாயிற்று. முறைமை ஜெபமா, உள்ளத்தில் ஊறும் ஜெபமா என்று நம் சபைகள் இன்று வழக்காடும் வேளையில், இரண்டையும் இணைத்த இவ்வழி நம் சிந்தனைக்குரியது.

இப்பாக்களின் வடிவம் திருமறையிலிருந்தே பிறந்தது. 119-ஆம் சங்கீதமும் புலம்பலின் முதல் நான்கு அதிகாரங்களும் எபிரேய அகரவரிசைப்படி அமைந்தவை என்பதை மாணவர் அறிவர். ஆத்திசூடியையும் கொன்றைவேந்தனையும் மனனம் செய்து வளர்ந்த தமிழருக்கு இவ்வமைப்பு புதிதன்று. அச்சுப்புத்தகம் இல்லாத காலத்தில் எழுத்துவரிசை நினைவிற்கு ஊன்றுகோலாயிற்று. பின்வந்த புலவர்கள் மற்றொரு முறையையும் கையாண்டனர். அடிகளின் முதலெழுத்துக்களைச் சேர்த்துப் படித்தால் புலவனின் பெயர் வருமாறு பாடினர். திருஞானசம்பந்தர் தம் பதிகங்களின் கடைக்காப்பில் தம் பெயரை வைத்ததும், கீர்த்தனைப் புலவர்கள் முத்திரை வைத்துப் பாடியதும் இதனோடு ஒப்பிடத்தக்கவை. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. தமிழ்ப் புலவரின் பெயர் செவியில் விழும். எபிரேயப் புலவரின் பெயரோ ஏட்டைக் கையில் எடுத்து உற்றுநோக்குபவருக்கே புலப்படும். பாடும் சபைக்குப் பாடல் மட்டுமே கேட்கும். எத்தனையோ புலவரின் பெயர் இம்முதலெழுத்துக்களால் மட்டுமே இன்று நமக்குக் கிடைத்துள்ளது.

2. திருநாட்டின் முதற்புலவர்கள்

பெயர் தெரிந்த புலவருள் முற்பட்டவர் யோசே பென் யோசே. இவர் நான்காம் அல்லது ஐந்தாம் நூற்றாண்டில் திருநாட்டில் வாழ்ந்தவர். பாவநிவாரண நாளில் பிரதான ஆசாரியன் செய்த பணிவிடைகளை ஒவ்வொன்றாக விரித்து இவர் பாடியுள்ளார். தேவாலயம் இடிந்து நூற்றாண்டுகள் கழிந்த பின்னும், பலிபீடத்தைக் கண்ணால் காணாத மக்கள் ஆண்டுதோறும் அப்பணிவிடையைப் பாட்டில் கண்டனர். லேவியராகமம் 16-ஆம் அதிகாரத்தையும் எபிரெயர் நிருபத்தையும் விளக்கும் போதகர், அதே காட்சியை யூத சபை வேறொரு வழியில் காத்துக்கொண்டது என்பதை அறிந்திருத்தல் நலம்.

அடுத்து, ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கருதப்படும் யன்னாய். எபிரேயப் பாவில் இயைபுத் தொடையை முறையாகக் கையாண்ட முதற்புலவர் இவரே. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் இவருடைய பெயர் மட்டுமே எஞ்சியிருந்தது, பாக்கள் மறைந்தன. பழைய கெய்ரோவிலுள்ள ஜெப ஆலயத்தின் ஏட்டறையிலிருந்து கிழிந்த ஏடுகளைச் சாலொமோன் ஷெக்டர் 1896–97-இல் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுசென்றார். அவற்றுள் சில தோலேடுகளில் பழைய கிரேக்க எழுத்து அழிக்கப்பட்டு, அதன்மேல் எபிரேயம் எழுதப்பட்டிருந்தது. அடியிலிருந்த கிரேக்கம், காணாமற்போனதென்று கருதப்பட்ட ஆக்கிலாவின் பழைய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு. அதனை 1897-இல் பர்க்கிட் வெளியிட்டார். மேலிருந்த எபிரேயத்தின் அருமை உடனே உணரப்படவில்லை. அது யன்னாயின் பாக்கள் என்பதை 1919-இல் இஸ்ரேல் டேவிட்சன் வெளிப்படுத்தினார். பின்னர் மெனாகெம் சுலாய் பல ஏடுகளிலிருந்து திரட்டிய யன்னாயின் பாத்தொகுதி 1938-இல் வெளிவந்தது. வெளிவந்த இடம் பெர்லின். அவ்வாண்டு நவம்பரில்தான் ஜெர்மனியெங்கும் ஜெப ஆலயங்கள் எரிக்கப்பட்டன. ஆயிரம் ஆண்டு மறைந்திருந்த புலவனின் குரல் மீண்டும் எழுந்த வேளையும் இடமும் அத்தகையன.

யன்னாய்க்குப் பின் வந்தவர் எலெயாசார் கல்லீர். தேவாலயத்தின் அழிவை நினைந்து துக்கங்கொண்டாடும் ஆப் மாதம் ஒன்பதாம் நாளில் இவருடைய புலம்பல்கள் இன்றும் பாடப்படுகின்றன. இவர் யன்னாயின் மாணாக்கர் என்றும், மாணாக்கனின் புகழ் கண்டு பொறாத ஆசான் அவருடைய பாதரட்சையில் தேளை வைத்தார் என்றும் இடைக்காலத்தார் ஒரு கதை கூறினர். இதனை வரலாறாகக் கொள்ளல் ஆகாது. கல்லீர் புதுச்சொற்களை ஆக்கியும் வேதக்குறிப்புகளைப் பொதிந்தும் பாடியதால் அவருடைய நடை மிகக் கடினமாயிற்று. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஆபிரகாம் இப்னு எஸ்ரா, பிரசங்கி ஐந்தாம் அதிகாரத்திற்கு வகுத்த உரையில், ஜெபிப்பவனுக்குப் பொருள் விளங்காத இத்தகைய நடையைக் கடுமையாகக் கண்டித்தார். சபை பாடும் பாட்டு எளிய நடையில் இருத்தல் வேண்டுமா, செறிவுடையதாய் இருத்தல் வேண்டுமா என்னும் வழக்கு நம் கீர்த்தனைகளோடு தோன்றியதன்று.

3. ஸ்பெயின் தேசத்துப் புலவர்கள்

பத்தாம் நூற்றாண்டில் புலமையின் நடுவிடம் மேற்கே நகர்ந்தது. எகிப்தில் பிறந்து பாபிலோனியாவில் சூரா கலைக்கழகத்தின் தலைவராயிருந்த சாதியா (882–942), வழிபாட்டு நூலை ஒழுங்குபடுத்தியதோடு புலவருக்கென எபிரேயச் சொல்லகராதி ஒன்றும் தொகுத்தார். அவருடைய மாணாக்கர் துனாஷ் பென் லபராத்து, அரபு யாப்பை எபிரேயத்திற்குள் கொண்டுவந்தார். ‘அந்நியரின் அளவையால் பரிசுத்த மொழியை அளப்பதா?’ என்னும் எதிர்ப்பு எழுந்தது. ஆயினும் ஒரு தலைமுறைக்குள் அது எபிரேயத்தின் சொந்த யாப்பாயிற்று. அந்தத் துனாஷின் மனைவியும் ஒரு புலவர். கணவன் நாட்டைவிட்டுப் பிரிந்தபொழுது அவர் பாடிய எபிரேயப் பா கெய்ரோ ஏடுகளிடையே கிடைத்தது. அது அவருடையதென எஸ்ரா பிளெய்ஷர் 1984-இல் நிறுவினார். அப்பெண்மணியின் பெயரை எவரும் எழுதிவைக்கவில்லை. துனாஷின் மனைவி என்றே வரலாறு அவரை அறியும்.

சாலொமோன் இப்னு கபிரோல் பதினோராம் நூற்றாண்டில் மாலகா நகரில் பிறந்து, நோயும் தனிமையும் வருத்த, நாற்பது வயது நிரம்புமுன்னரே மறைந்தவர். இறைவனின் மாட்சியையும் மனிதனின் சிறுமையையும் பாடும் ‘ராஜமகுடம்’ என்னும் நீண்ட பா இவருடையது; பாவநிவாரண நாளில் பலரால் வாசிக்கப்படுவது. இவர் அரபு மொழியில் எழுதிய தத்துவநூல் இலத்தீனில் ‘ஜீவஊற்று’ என்னும் பெயரால் மொழிபெயர்க்கப்பட்டு, அக்குவினாவின் தோமா உள்ளிட்ட கிறிஸ்தவ அறிஞரால் ஆராயப்பட்டது. ‘அவிசெப்ரோன்’ என்று அவர்கள் குறித்த ஆசிரியர் இந்த யூதப் புலவரே என்பதைச் சாலொமோன் முங்க் 1846-இல் தான் கண்டறிந்தார். நம் இறையியல் முன்னோர் தாம் அறியாமலேயே ஒரு ஜெப ஆலயப் புலவரிடம் பாடங்கேட்டனர்.

யூதா ஹலேவி மருத்துவர், புலவர், ‘கூசாரி’ என்னும் உரையாடல் நூலின் ஆசிரியர். சீயோனை நோக்கி இவர் பாடிய ஏக்கப் பாக்கள் புகழ்பெற்றவை. பாடியதோடு அமையாமல் முதுமையில் 1140-இல் ஸ்பெயினை விட்டுப் புறப்பட்டார். எகிப்தில் அவர் தங்கியிருந்ததையும், 1141-இல் திருநாட்டிற்குக் கப்பலேறியதையும், அவ்வாண்டிலேயே மறைந்ததையும் கெய்ரோ ஏட்டறையிலிருந்து கிடைத்த வணிகர் கடிதங்கள் காட்டுகின்றன. எருசலேமின் வாயிலில் குதிரைவீரன் ஒருவனால் மிதிபட்டு இறந்தார் என்பது பிற்காலக் கதை.

4. ரைன் நதிக்கரைப் புலம்பல்கள்

ஜெர்மனியின் ரைன் நதிக்கரை நகரங்களாகிய ஸ்பெயர், வோர்ம்ஸ், மைன்ஸ் ஆகியவற்றில் வேறொரு புலவர் மரபு வளர்ந்தது. இப்பகுதியின் வரலாற்றை நாம் தலைகுனிந்தே வாசித்தல் வேண்டும். 1096-இல் முதலாம் சிலுவைப்போருக்குப் புறப்பட்ட கூட்டத்தார், வழியிலேயே இந்நகரங்களின் யூதரைத் தாக்கினர். ஞானஸ்நானமா, சாவா என்று கேட்கப்பட்டபொழுது பலர் சாவைத் தெரிந்துகொண்டனர்; தாய்தந்தையர் பிள்ளைகளைத் தங்கள் கையாலேயே கொன்று தாமும் மாய்ந்தனர். அதன்பின் எழுந்த பாக்களில் ஆதியாகமம் 22-ஆம் அதிகாரம் மீண்டும் மீண்டும் வருகிறது. மோரியா மலையில் ஒரு ஈசாக்கு கட்டப்பட்டான், அவனும் விடுவிக்கப்பட்டான். இங்கோ ஒரே நாளில் கட்டப்பட்டவர் பலர். தடுக்கும் குரல் கேட்கவில்லை. இக்கேள்வியை அப்புலவர்கள் தேவனிடமே கேட்டனர். அவரை விட்டு விலகாமல் நின்று கேட்டனர்.

1190-இல் இங்கிலாந்தின் யார்க் நகரில், குருத்தோலை ஞாயிறுக்கு முந்திய வெள்ளிக்கிழமையன்று, கோட்டைக்குள் அடைபட்ட யூதர் மாண்டனர். அவர்களுள் ஒருவர் யோம் தோவ் என்னும் ரபீ. பாவமன்னிப்பு வேண்டி அவர் இயற்றிய பா இன்றும் பாவநிவாரண நாளின் முன்னிரவில் ஜெப ஆலயங்களில் பாடப்படுகிறது. பாரிஸில் தல்மூது ஏடுகள் வண்டி வண்டியாக எரிக்கப்பட்டதற்கு ரோத்தன்பர்க் நகர மெயிர் புலம்பல் பாடினார். அவரும் அரசனால் சிறையிடப்பட்டு 1293-இல் சிறையிலேயே மரித்தார்.

இப்பாடல்களுக்குக் காரணமானவர்கள் சிலுவையை மார்பில் தைத்துக்கொண்டவர்கள். சீர்திருத்தத் திருச்சபையார் இதனை இடைக்கால ரோமச் சபையின் குற்றமென்று ஒதுக்கிவிடவும் இயலாது. மார்ட்டின் லுத்தர் 1543-இல் யூதரைப் பற்றி எழுதிய நூல், ஜெப ஆலயங்களை எரிக்குமாறு கூறியது. அமெரிக்க இவாஞ்சலிக்கல் லுத்தரன் திருச்சபை 1994-இல் அவ்வெழுத்துக்களை வெளிப்படையாக மறுதலித்து வருத்தம் தெரிவித்தது. நம் நாட்டில் இத்தகைய கொலைகள் நிகழவில்லையே என்று நாம் ஆறுதல் கொள்ளலாம். ஆனால் பெரிய வெள்ளிக்கிழமைப் பிரசங்கங்களில் ‘யூதர்’ என்னும் சொல் எவ்வாறு ஒலிக்கிறது என்பதை ஒவ்வொரு போதகரும் எண்ணிப்பார்த்தல் வேண்டும். ஆண்டவரும் அவருடைய தாயாரும் அப்போஸ்தலரும் அச்சொல்லுக்கு உரியவர்கள் என்பதை மறந்து பேசும் பேச்சு, நம்மிடையேயும் உண்டு.

5. சாபேத்து, ஏமன்

1492-இல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட யூதருள் பலர் துருக்கியரின் ஆட்சிக்குட்பட்ட நாடுகளில் குடியேறினர். பதினாறாம் நூற்றாண்டில் கலிலேயா மலைநகராகிய சாபேத்து ஞானியரின் இருப்பிடமாயிற்று. ஓய்வுநாளை மணவாட்டியாகப் பாவித்து வரவேற்கும் பாடலை அங்கு வாழ்ந்த சாலொமோன் அல்கபேத்ஸ் இயற்றினார். அதன் முதலெழுத்துக்களில் அவருடைய பெயர் அமைந்துள்ளது. உலகின் ஏறத்தாழ எல்லா யூத சபைகளும் வெள்ளி மாலையில் அதனைப் பாடுகின்றன. தமஸ்குவைச் சார்ந்த இஸ்ரேல் நஜாரா, தெருவில் பாடப்பட்ட துருக்கிய, அரபுக் காதற்பாடல்களின் மெட்டுக்களில் பக்திப் பாக்களை அமைத்தார். அவருடைய தொகுதி 1587-இல் சாபேத்திலேயே அச்சாயிற்று. தூய மொழிக்குத் தெருமெட்டு ஆகுமா என்று ஞானியர் சிலர் அவரைக் குறைகூறினர். மக்கள் அவருடைய பாடல்களைக் கைவிடவில்லை. ஏமன் நாட்டில் பதினேழாம் நூற்றாண்டில் ஷாலோம் ஷபசி எபிரேயமும் அரபும் கலந்து பாடினார். ஏமனுக்கும் மலபாருக்கும் இடையே பருவக்காற்று கப்பல்களைக் கொண்டுசென்றது. கப்பலோடு பாடல்களும் வந்தன.

6. மலபார்க் கரை

கேரளத்து யூதரின் தொன்மைக்குச் சான்றாய் நிற்பது, சேர மன்னன் பாஸ்கர இரவிவர்மன் ஏறத்தாழ கி.பி. 1000-இல் யோசேப்பு ரப்பான் என்பாருக்கு வழங்கிய செப்பேடு. அது வட்டெழுத்தில் அமைந்தது. அதன் மொழி பழந்தமிழோடு நெருங்கியது. சேந்தமங்கலத்திலுள்ள சாராள் என்னும் பெண்ணின் கல்லறைக்கல் 1269-ஆம் ஆண்டினது. கொடுங்கல்லூரை இம்மக்கள் ‘ஷிங்லி’ என்றனர். பதினாறாம் நூற்றாண்டில் அவ்வூர் அவர்களுக்குப் பாதுகாப்பற்றதாகிவிட, கொச்சி அரசரின் ஆதரவை நாடினர். அரண்மனைக்கு அடுத்த நிலத்தில் 1568-இல் பரதேசி ஜெப ஆலயம் எழுந்தது. 1662-இல் போர்ச்சுக்கீசியர் அதனைக் கொள்ளையிட்டு எரித்தனர். மறு ஆண்டில் டச்சுக்காரர் கொச்சியைக் கைப்பற்றிய பின்னரே அது சீர்பெற்றது. அரசன் இந்து; எரித்தவர் கிறிஸ்தவர். இதனையும் நாம் மறைத்தல் ஆகாது.

ஊர் அழிந்தும் ‘ஷிங்லி முறைமை’ என்னும் பெயர் அவர்களுடைய வழிபாட்டிற்கு நிலைத்தது. ஸ்பெயின் தேசத்துப் புலவரின் பாக்களும் ஏமன் நாட்டுப் பாக்களும் கொச்சியிலேயே பிறந்தவையும் அதில் கலந்திருந்தன. ஏடன் துறைமுகத்தைத் தம் பெயரில் தாங்கிய எலியா பென் மோசே அதனி என்னும் புலவர் நியாயப்பிரமாணத்தின் கட்டளைகளைப் பாவாக்கினார். கொச்சி யூதர் பாடிவந்த அந்நூல் 1688-இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சேறியது. ஷிங்லி முறைமையின்படி அமைந்த ஜெபநூல் அந்நகரிலேயே 1757-இல் அச்சிடப்பட்டது.

கொச்சியின் புலவருள் தலையாயவர் நெகேமியா மோத்தா. மக்கள் அவரை ‘நம்யா முத்தா’ என்பர். அவர் எங்கிருந்து வந்தவர் என்பதில் மரபுகள் வேறுபடுகின்றன. கொச்சியில் வாழ்ந்து, எபிரேயத்தில் பாடி, 5376-ஆம் எபிரேய ஆண்டின் கிஸ்லேவ் மாதம் 25-ஆம் நாளில், அதாவது 1615-இன் இறுதியில், மறைந்தார் என்பது உறுதி. அவருடைய பாக்கள் ஷிங்லி முறைமையின் நூல்களில் இடம்பெற்றன. மட்டாஞ்சேரியிலுள்ள அவருடைய கல்லறையில் யூதர் மட்டுமன்றி இந்துக்களும் இஸ்லாமியரும் கிறிஸ்தவரும் விளக்கேற்றி வேண்டிக்கொண்டனர். நேர்ச்சைக்கு வருவோர் அவருடைய எபிரேயப் பாக்களில் ஒன்றையும் அறியார். ஜெபிக்கத் தெரிந்த மனிதர் என்பதே அவர்களுக்குப் போதுமானதாயிற்று.

இம்மக்களுக்கும் சீர்திருத்தத் திருச்சபைக்கும் ஏற்பட்ட ஒரு தொடர்பையும் குறிப்பிடல் தகும். கிழக்கிந்தியக் கம்பெனியின் குருவாயிருந்த கிளாடியஸ் புக்கானன், 1806 முதல் 1808 வரை தென்னாட்டில் பயணஞ்செய்து, தஞ்சையைக் கண்டு, கொச்சிக்கும் சென்றார். அங்கிருந்து அவர் திரட்டிய எபிரேய ஏடுகளும் செந்நிறமூட்டிய தோலில் எழுதப்பட்ட தோரா சுருளும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உள்ளன. ஏடுகளைக் காக்கவேண்டும் என்னும் அவருடைய ஆர்வத்தை மதிக்கிறோம். ஆயினும் அவ்வேடுகளை வைத்துப் பாடிய சபையைக் காட்டிலும் ஏடுகளே அன்றைய அறிஞருக்குப் பெரிதாய்த் தோன்றின.

7. பெண்கள் காத்த பாடல்கள்

கொச்சியின் தனிச்சிறப்பு பெண்களின் பாடல்களில் உள்ளது. யூத மரபில் பல இடங்களில், பெண்ணின் பாடும் குரலை ஆடவர் கேட்டலாகாது என்னும் கட்டுப்பாடு உண்டு. கேரளத்தில் அக்கட்டுப்பாடு வழங்கவில்லை. பண்டிகைகளிலும் மணவிழாக்களிலும் ஆடவரோடு பெண்களும் எபிரேயப் பாக்களைப் பாடினர். அதனோடு, மலையாளத்தில் தமக்கென ஒரு பாடற்செல்வத்தையும் வளர்த்தனர். மணப்பாடல்கள், ஜெப ஆலயம் கட்டிய வரலாற்றைக் கூறும் பாடல்கள், யோசேப்பு, மோசே, தாவீது ஆகியோரின் கதைப்பாடல்கள், கிளியை விளித்துப் பாடும் பாடல்கள் என இவை பல்வகைப்படும். திருமறைக் கதையோடு ரபீமாரின் விளக்கக் கதைகளும் அவற்றில் இழைந்துள்ளன. சில பாடல்கள் பல நூற்றாண்டுப் பழமையுடையவை. பெண்கள் இவற்றைக் கையேடுகளில் எழுதி, தாயிடமிருந்து மகளுக்கென வழங்கிவந்தனர். ஆசிரியர் பெயர் பெரும்பாலும் இல்லை.

1950-களில் இம்மக்களுள் மிகப் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர். புதிய நாட்டில் பிள்ளைகள் எபிரேயம் பேசினர். மலையாளப் பாடல்கள் மூதாட்டியரின் நாவில் மட்டும் நின்றன. அந்நிலையில் கேரளத்தில் பி. எம். ஜூசேயும், வெளிநாட்டு அறிஞராகிய ஷெர்லி ஐசன்பெர்க், பார்பரா ஜான்சன் ஆகியோரும் கையேடுகளைத் தேடிப் படியெடுத்தனர். பாடல்களை ஒலிப்பதிவு செய்தனர். இருநூறுக்கும் மேற்பட்ட பாடல்கள் இவ்வாறு காக்கப்பட்டன. அவற்றுள் ஒரு பகுதி 2004-இல் எருசலேமில் ஒலித்தட்டாக வெளிவந்தது. 2005-இல் ‘கார்குழலி’ என்னும் பாடல்நூல் மலையாளத்திலும் எபிரேயத்திலும் வெளிவந்தது. அதனைப் பதிப்பித்தவர்கள் ஓபிரா கம்லியேல் என்னும் யூதப் பெண் அறிஞரும், 2022-இல் மறைந்த ஸ்கறியா சக்கரியா என்னும் கேரளக் கிறிஸ்தவ மலையாளப் பேராசிரியரும் ஆவர். யார்க் நகரக் கோட்டையின் வரலாற்றை வாசித்த பின், ஒரு கிறிஸ்தவர் யூதப் பெண்களின் பாடலுக்குப் பதிப்பாசிரியராய் அமர்ந்ததை நாம் நன்றியோடு குறிக்கிறோம்.

மகாராஷ்டிரத்தின் பெனே இஸ்ரேல் மக்களிடையேயும் இதனையொத்த வளர்ச்சி உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மராத்தியரின் கீர்த்தன வடிவத்தை ஏற்று, ஆபிரகாமின் கதையையும் யோசேப்பின் கதையையும் இசையும் உரையுமாக நிகழ்த்தினர். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) குறவஞ்சியையும் கீர்த்தனையையும் கிறிஸ்துவுக்கென்று கொண்டதை அறிந்த நமக்கு இது விளக்கம் வேண்டாத செய்தி.

8. பாடுவோருக்குள் வேற்றுமை

இம்மரபைப் போற்றும்பொழுது அதன் குறையையும் கூறல் கடமை. கொச்சி யூதர் ‘மலபாரி’ என்றும் ‘பரதேசி’ என்றும் பிரிந்து, ஒருவரோடொருவர் மணவுறவு கொள்ளாதிருந்தனர். அடிமைத்தனத்தினின்று விடுவிக்கப்பட்டோரின் வழித்தோன்றல்கள் பரதேசி ஜெப ஆலயத்தில் மற்றவரோடு சமமாக அமரவும், தோரா வாசிக்க அழைக்கப்படவும் உரிமையற்றிருந்தனர். எகிப்தின் அடிமைத்தனத்தினின்று விடுதலையானதைப் பாடும் சபையில், விடுதலையானவரின் பிள்ளைகளுக்கு இடம் மறுக்கப்பட்டது. அவர்களுள் பிறந்து வழக்கறிஞரான ஏ. பி. சேலம் (1882–1967), காந்தியடிகளின் சத்தியாக்கிரக முறையை ஜெப ஆலயத்திற்குள்ளேயே கையாண்டு, இத்தடைகள் சிறிதுசிறிதாக விலகக் காரணமானார்.

இதனை வாசித்துப் பிறரைக் குறைகூற நமக்குத் தகுதி இல்லை. ஒரே கிண்ணத்தில் திருவிருந்து பெறுவதையும் ஒரே பாயில் அமர்வதையும் குறித்துத் தமிழ்த் திருச்சபையில் நடந்த வழக்குகளை நாம் அறிவோம். நம் கீர்த்தனைகளின் தந்தையென்று போற்றப்படும் சாஸ்திரியாரே தஞ்சையில் சாதி பற்றிய வழக்கில் மிஷனெரிமாரை எதிர்த்து நின்றவர். பாடலின் இனிமை பாடுவோரின் உறவைத் தானாகவே சீர்செய்துவிடாது. ஆமோஸ் ஐந்தாம் அதிகாரத்தில் தேவன் பாட்டின் இரைச்சலை வெறுத்த காரணம் இன்றும் நீங்கிவிடவில்லை.

9. நம் முன் உள்ள பணி

இவ்வரலாறு மூன்று பணிகளை நம் முன் வைக்கிறது. முதலாவது, பழைய ஏற்பாட்டுப் போதனையில் யூத வழிபாட்டின் பிற்கால வரலாற்றுக்கும் இடமளித்தல். சங்கீதங்களை இன்றும் ஜெபிக்கும் ஒரு மக்கள் உண்டு என்னும் உணர்வோடு சங்கீதங்களைப் பயிற்றுவித்தால், நம் விளக்கம் தாழ்மையுடையதாகும். இக்கால இஸ்ரேல் நாட்டின் அரசியல் பற்றிய கருத்து வேறுபாடுகளை இதனோடு குழப்பிக்கொள்ளல் வேண்டா. அந்நாட்டின் செயல்களைக் கண்டிக்கவேண்டிய இடத்தில் கண்டிப்பவரும், அம்மக்களின் ஜெபத்தை மதித்தல் இயலும்.

இரண்டாவது, பாடுபடும் சபைக்குப் புலம்பும் மொழியைத் தருதல். நம் இக்கால வழிபாடுகளில் துதிப்பாடல்கள் மிகுந்து, புலம்பற்பாடல்கள் அருகிவிட்டன. ஆலையில் வேலையிழந்தவரும் பிள்ளையைப் பறிகொடுத்தவரும் அமர்ந்திருக்கும் சபையில், தேவனிடம் முறையிடும் பாட்டு ஒன்றும் இல்லையெனில் அவர்கள் வாய்மூடி இருப்பர். ரைன் நதிக்கரைப் புலவர்கள் கேள்வியைப் பாட்டாக்கி, அப்பாட்டை வழிபாட்டின் நடுவிலேயே வைத்தனர்.

மூன்றாவது, மறையும் பாடல்களைத் திரட்டுதல். ஓசூர், கிருஷ்ணகிரி எல்லைப்புறத்தில் ஊழியஞ்செய்யும் நாம் இதனைச் சிறப்பாக உணர்கிறோம். இங்குத் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் பேசப்படுகின்றன. 1970-கள் தொட்டு வளர்ந்த தொழிற்பேட்டைகளை நாடித் தென்மாவட்டங்களிலிருந்தும் அண்டை மாநிலங்களிலிருந்தும் வந்து குடியேறிய குடும்பங்கள் நம் சபைகளில் உள்ளன. ஒவ்வொரு பாட்டியும் தன் ஊரின் பாடலைத் தன்னோடு கொண்டுவந்திருக்கிறாள். தாலாட்டாகவும் நடவுப்பாட்டாகவும் துக்கவீட்டுப் பாட்டாகவும் அமைந்த அப்பாடல்கள் பாமாலையிலும் இல்லை, கீர்த்தனை நூலிலும் இல்லை. பேரப்பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளியில் பயின்று வேறு பாடல்களைப் பாடுகின்றனர். கொச்சிப் பெண்களின் கையேடுகளைத் தேடி அறிஞர் வந்தபொழுது காலம் ஏறத்தாழக் கடந்துவிட்டிருந்தது.

ஆகவே, இறையியல் மாணவர் தம் விடுமுறை ஊழியத்தில் ஒரு குறிப்பேட்டைக் கையோடு கொண்டுசெல்லுமாறு வேண்டுகிறோம். முதியோர் பாடும் பாடலை, அது எம்மொழியாயினும், அவர்கள் சொல்லும் சொல்லிலேயே, திருத்தாமல் எழுதிக்கொள்க. எந்த ஊரில், எவ்வாண்டில், எந்நிகழ்ச்சியில் பாடப்பட்டது என்பதையும் குறித்துக்கொள்க. பாடியவரின் இசைவைப் பெற்று, அவருடைய பெயரையும் அப்பாடலின்கீழ் எழுதுக. துனாஷின் மனைவிக்குக் கிடைக்காதது நம் சபைப் பெண்களுக்கேனும் கிடைக்கட்டும்.